நுழைய வேண்டிய கடைசி நாள்

வீட்டோடு மாப்பிள்ளைகள் உலகத்தில் நிறைய உண்டு. பெண்டாட்டி இல்லாத வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தவர் எனக்குத் தெரிந்து இந்த லிஃப்ட்காரர் ஒருவர்தான். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். மனைவி நர்ஸ். கல்யாணமான அடுத்த வருஷமே வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகும்போது "அம்மாவைத் தனியா விடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு மாமியார் வீட்டில் குடியேறினார். மூன்று வருஷம் ஓடிவிட்டது.

மாமியார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் குரல் போகவில்லை. அவர் சமையலறையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டால் எதிர்வீட்டுக்காரரும் கை கழுவிவிடுவார் என்று லிஃப்ட்காரர் கேலி செய்வார். டிவி ரிமோட்டைத் தவிர இருவருக்கும் வேறு தகராறு கிடையாது.

மனைவியிடம் போய்ச் சேர அவர் விண்ணப்பித்திருந்த விசா கிடைத்த செய்தி போனில் வந்தபோது அவர் ஒரு துணிக்கடையின் லிஃப்ட் பெட்டிக்கு மேலே, இருட்டில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நின்றிருந்தார். சந்தோஷத்தில் அவர் போட்ட சத்தத்தைக் கேட்டுக் கீழே இருந்த காவலாளி கரண்டை அணைத்துவிட்டு ஓடிவந்தார்.

"என்னண்ணே, ஷாக் அடிச்சிடுச்சா?"

"விசாப்பா! விசா!"

வேலையிடத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று ஒருவன் சொன்னான். ஆற அமரக் கிளம்பலாம், மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷனை முடித்து, கண்ணாடி மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று லிஃப்ட்காரர் கணக்குப் போட்டிருந்தார்.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் விசாப் பக்கத்தைப் படமெடுத்து மனைவிக்கு அனுப்பினார். உடனே அவள் கூப்பிட்டாள்.

"இந்தத் தேதிக்குள்ள நாட்டுக்குள்ள நுழையணும்னு போட்டிருக்கே, பார்த்தீங்களா?"

"அது எப்படியும் ஒரு வருஷம் இருக்கும்ல?"

"மெடிக்கல் எடுத்த நாள்லேருந்துதான் ஒரு வருஷம். நீங்கதான் விண்ணப்பம் போட்ட வாரமே ஓடிப்போய் எடுத்துட்டீங்களே. இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு."

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமியாரின் ஆபரேஷனுக்குக் கொடுத்திருந்த நாள் அந்தத் தேதிக்கு அடுத்த வாரம். ஏற்கனவே இரண்டு முறை தள்ளிப்போன ஆபரேஷன் அது. சர்க்கரை இறங்கினால்தான் கத்தியைத் தொடுவேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தேதியை நீட்டிக்க முடியுமா என்று மனைவி அங்கே விசாரித்தாள். முடியாது, தவறவிட்டால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று பதில் வந்தது. அன்று புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் போனில் முட்டிக்கொண்டது.

"அத்தையை ஒரு கண்ணோட எப்படி விட்டுட்டு வர்றது?" என்றார் அவர்.

"எங்க அம்மாதான், எனக்கு அக்கறை இல்லையா? மறுபடி விண்ணப்பம்னா இன்னும் ஒன்றரை வருஷம். மூணு வருஷமா டியூட்டி முடிச்சு வந்து பூட்டின வீட்டை நானே திறந்துக்கிறேன். உங்களுக்கு அங்க பேச ஆள் இருக்கு. எனக்கு யாரு இருக்கா?"

எதையாவது சொல்லிச் சமாளிக்கிற ஆள் இல்லை அவர். போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த அறையில் எல்லாம் கேட்டுவிட்டது போலும். மாமியார் கதவருகில் வந்து நின்றார்.

"நீங்க கிளம்புங்க மாப்பிள்ளை. ஒரு கண்ணு தெரிஞ்சாப் போதும், நான் பஸ்ஸே ஓட்டுவேன்."

"பையன் வீட்டுல ஒரு மாசம் இருங்களேன் அத்தை."

"அவன் வீட்டுலயா? டிக்கெட் எடுக்காத ஆளு மாதிரி ஒரு ஓரமா ஒண்டிக்கிட்டு நிக்க என்னால ஆகாது."

மகன் வேறு ஊரில் இருந்தான். அவனுக்கும் அம்மாவுக்கும் சண்டை எதுவும் இல்லை. பேச்சுவார்த்தை குறைந்துபோயிருந்தது, அவ்வளவுதான். அவனைக் கேட்டுப் பயனில்லை என்று வீட்டில் எல்லோருமே முடிவுகட்டி வைத்திருந்தார்கள்.

மறுநாளே லிஃப்ட்காரர் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் முன்னதாக ஒரு நாள் கேட்டார். "சர்க்கரையைக் குறைச்சுக் கூட்டிட்டு வாங்க, இடம் பார்த்துத் தர்றோம்" என்றாள் அங்கிருந்த பெண். அன்றிலிருந்து வீட்டில் போலீஸ் கெடுபிடி. டீயில் சர்க்கரை நின்றது. தலையணை உறைக்குள் இருந்த கிரீம் பிஸ்கட் பாக்கெட் பிடிபட்டது.

"இது எப்போலேருந்து அத்தை?"

"உங்க கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்து" என்றார் மாமியார், கொஞ்சமும் கூசாமல்.

சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் மாமியாரை நடக்கக் கூட்டிக்கொண்டு போனார். மாமியார் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் ஆட்களைச் சோதித்துக்கொண்டே நடப்பார். வழியில் பஸ் நின்றால் படிக்கட்டில் தொங்குகிறவர்களை "உள்ளே ஏறு, உள்ளே ஏறு" என்று அதட்டுவார். அவர்களும் ஏறிவிடுவார்கள். மூன்றாவது வாரம் சர்க்கரை இறங்கியது. கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்பு ஆபரேஷன் என்று முடிவானது.

டிராவல்ஸ்காரர், கடைசி நாள் இரவு கிளம்பும் விமானத்தில் டிக்கெட் போட்டுக் கொடுத்தார். மாமியாரோடு முடிந்தவரை இருக்கலாம் என்று லிஃப்ட்காரரே கேட்டு வாங்கியது அது. மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

"அது என்னைக்கு இங்க வந்து இறங்கும்?"

"மறுநாள் காலைல."

"அய்யோ, கிளம்புற தேதி இல்லைங்க, இறங்குற தேதி! மறுநாள் வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க."

நைட் டியூட்டி பார்க்கிறவளுக்குப் பன்னிரண்டு மணிக்கு மேல் தேதி மாறுவது மனப்பாடம். அவர் வியர்த்து விறுவிறுத்து ஓடிப்போய் முந்தின நாள் டிக்கெட்டாக மாற்றினார். கையிலிருந்த ஒரு நாளும் போய், இப்போது கட்டுப் பிரித்த மறுநாளே கிளம்ப வேண்டும். அதுவரை யோசிக்காத கேள்வியும் அப்போதுதான் உறைத்தது. வேளைக்கு வேளை யார் மருந்து விடுவார்கள்? ஒரு வாரம் கழித்து யார் டாக்டரிடம் அழைத்துப் போவார்கள்?

வேறு வழியில்லாமல்தான் மைத்துனனுக்குப் போன் போட்டார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

"அம்மாவுக்கு ஆபரேஷன்னே எனக்குத் தெரியாதே மாப்பிள்ளை."

"அத்தை உங்க வீட்டுக்கு வரமாட்டேன்னுட்டாங்க."

"வரவேண்டாம். நான் அங்க வர்றேன். லீவு இருக்கு. என்கிட்ட ஒருத்தரும் கேட்கலையே, அதான்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று மகன் ஒரு பையோடு வந்து இறங்கினான். மாமியார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு நரைச்சிடுச்சா உனக்கு?" என்றார். பிறகு வெகுநேரம் இருவரும் சமையலறையிலேயே இருந்தார்கள். லிஃப்ட்காரர் உள்ளே போகாமல் பெட்டியை மூன்றாம் முறையாக எடை பார்த்தார்.

கிளம்பும்போது லிஃப்ட்காரர் காலில் விழப் போனார். மாமியார் தடுத்தார்.

"நான் குனிஞ்சு உங்களைத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நில்லுங்க." பிறகு குரல் இறங்கி, "என் பொண்ணு கோபத்துல எதையாவது சொல்லுவா. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

போய் இறங்கிய விமான நிலையத்தில் அதிகாரி விசாப் பக்கத்தைப் பார்த்தார், நாள்காட்டியைப் பார்த்தார், முத்திரை குத்தினார். வெளியே மனைவி சீருடையோடு ஒரு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கண் விழித்து, "எப்ப வந்தீங்க?" என்றாள், ஏதோ கடைக்குப் போய்வந்தவரைக் கேட்பதுபோல. அப்புறம்தான் அழுதாள்.

அங்கே அவருடைய அனுபவம் உடனே செல்லுபடியாகவில்லை. உரிமம் வாங்கும்வரை ஒரு வருஷம் உதவியாளாக வேலை செய்தார். கருவிப் பையைச் சுமக்க வைத்த பையன்கள் அவரைவிட இளையவர்கள். அதைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

ஒரு வாரத்துக்கு வந்த மைத்துனன் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனான். இப்போது மாதம் ஒருமுறை வருகிறான். அவன் விடுகிற குறட்டையில் தூக்கமே இல்லை என்று மாமியார் போனில் புகார் சொல்கிறார். அடுத்து எப்போது வருகிறான் என்பதையும் அவரேதான் சொல்கிறார்.