செய்யாத தவறுக்கு முப்பது புள்ளி

மாலை நான்கு பத்து. மயிலாடிப் பள்ளி ஆசிரியர் அறையில் நான் முதலில் பார்த்தது அக்காவின் கைபேசித் திரையைத்தான். மூன்றாம் நிலையிலிருந்து இரண்டுக்கு ஒரு சிவப்பு அம்பு இறங்கியது.

அக்கா கடற்கரை ஊர்க்காரர். எங்களோடு பி.எட். படித்தவர்களில் மூத்தவர், அதனால் எல்லோருக்கும் அக்கா. பயிற்சி வகுப்பு எடுத்த ஒவ்வொரு நாளும் கல்லூரி கொடுத்த செயலியில் எது சரியாக வரவில்லை, ஏன், நாளை எதை மாற்றுவாய் என்பதற்குப் பதில் எழுத வேண்டும். விளையாட்டுப் போலப் புள்ளி விழும். விரிவாக எழுதினால் கேள்வி ஆழமாகும், நிலை ஏறும். தயங்கினால் பழைய எளிய கேள்விக்கே இறக்கிவிடும். நாற்பது நாளில் ஐந்தாம் நிலையைத் தொடாதவர் பயிற்சியை மறுபடி செய்ய வேண்டும்.

செயலிக்கு எது பிடிக்கும் என்பது எங்களுக்கு இரண்டாம் வாரமே தெரிந்துவிட்டது. தவறு பெரிதாக இருக்க வேண்டும், திருத்தம் நீளமாக இருக்க வேண்டும். ஒருநாள் காலையிலேயே நான் பதிலைத் தட்டிக்கொண்டிருந்தபோது அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, கிளாஸே இன்னும் எடுக்கல்லியே. அதுக்குள்ள தப்பு பண்ணிட்டியா?"

எல்லோரும் சிரித்தோம். அன்று மழைக்காக முதல் மணியிலேயே பள்ளியை விட்டார்கள். எடுக்காத அந்த வகுப்புக்கு எனக்கு முப்பது புள்ளி.

அம்பு இறங்கிய நாளில் அக்கா எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'கடைசி பெஞ்சுப் பிள்ளைக்குப் பின்னம் புரியவில்லை. ஏன் என்று தெரியவில்லை. நாளை கேட்க வேண்டும்.' மறுநாள் சோற்று நேரத்தில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். நான்கு மூன்றைவிடப் பெரியது, ஆகவே கால் பங்கு மூன்றில் ஒரு பங்கைவிடப் பெரியது என்று அது நினைத்திருந்தது. விசாரித்தால் பாதி வகுப்பும் அப்படித்தான். அதை அக்கா இரண்டு வரியில் எழுதினார். நான்கு புள்ளி விழுந்தது.

கொஞ்சம் கூட்டி எழுதுங்கள் என்று கெஞ்சினேன்.

"செய்யாத தப்ப எப்படி மக்கா எழுதுவேன்?"

எரிச்சலோடு கல்லூரி விரிவுரையாளரிடம் போனேன். செயலி அவரவர் திறமைக்கு ஏற்பக் கேள்வியை மாற்றும், அந்த அம்மாவுக்கு எளிய கேள்விதான் தேவைப்படுகிறது என்றார் அவர். என் முப்பது புள்ளியைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் அக்கா இரண்டாம் நிலையில் இருந்தார், நான் ஐந்தில்.

மறு ஆண்டு புதியவர்களிடம் பேச என்னைக் கல்லூரிக்கு அழைத்தார்கள். மாதிரிப் பதில் என்று சுவரில் பெரிதாகக் காட்டியது அந்த மழைநாளில் நான் எழுதியதைத்தான். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து அக்கா அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.