கரண்டு வைத்த கன்னம்

என் சித்திக்கு வாய் கோணிப்போனது, மாப்பிள்ளை வீட்டார் வந்து பூ வைத்துப்போன மூன்றாம் நாள். காலையில் எழுந்தவளுக்கு இடது கண் மூடவில்லை. கொப்பளித்த தண்ணீர் கடைவாய் வழியே வடிந்தது. பேருந்து ஜன்னல் காற்று என்றார் அப்பா. தாய் தகப்பன் இல்லாத சித்தி, அக்காள் வீடான எங்கள் வீட்டில் இருபத்தாறு வயதாகியும் இருந்தாள். அடுப்பும் தொழுவும் அவளுக்கு முதலில், சாப்பாடு கடைசியில். அங்கிருந்து வெளியேற அவளுக்கு இருந்த ஒரே வழி அந்தக் கல்யாணம்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அப்பா அதற்கும் ஒரு வழி கண்டார். சேரன்மகாதேவியிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்கு, முகத்தில் கரண்டு வைத்துச் செய்யும் வைத்தியத்துக்குப் போகும்போது, யார் கேட்டாலும் தையல் வகுப்பு என்று சொல்ல வேண்டும். குமரி தனியாகப் போகக் கூடாது என்பதால் ஒன்பது வயது நான் காவல்.

மாடியறையில் ஒரு டாக்டரம்மா, ஈரப்பஞ்சு சுற்றிய தகட்டைச் சித்தியின் கழுத்துக்குப் பின்னால் கட்டி, பேனா போன்ற ஒன்றைக் கன்னத்தில் வைப்பார். பெட்டியின் திருகைத் திருப்பினால் கன்னம் படபடவென்று துடிக்கும். முதல் வாரம் நன்றாகத்தான் துடித்தது. அப்புறம் குறைந்துகொண்டே வந்து, மூன்றாம் வாரம் எவ்வளவு திருப்பியும் கன்னம் சும்மா கிடந்தது. டாக்டரம்மா வேறொரு திருகுக்கு மாற்றினார். கன்னம் சோம்பல் முறிப்பதுபோல் மெதுவாக மேலே இழுத்தது. நான் கைதட்டினேன்.

டாக்டரம்மா முகத்தில் சிரிப்பில்லை. "மொதல்ல வச்சது பொடிப்பொடித் துடிப்பு. நரம்பு உசுரோட இருந்தாத்தான் அதுக்குத் தசை அசையும்" என்றார் சித்தியிடம். "இது நீளக் கரண்டு. நரம்பைக் கேக்காமலே தசைய இழுக்குது. தசை வாடிராமப் பாத்துக்கிடலாம், அவ்வளவுதான். நரம்பு திரும்ப மாசக்கணக்காகும். திரும்பாமலும் போலாம்."

அசைந்ததை நானே அம்மாவிடம் சொல்லட்டுமா என்று பேருந்தில் கேட்டேன். சித்தி முந்தானையால் கடைவாயைத் துடைத்துக்கொண்டு, "சொல்லு. அசைஞ்சதுல்லா" என்றாள்.

சொன்னேன். வீடே மாறிப்போனது. கிணற்று மோட்டாரும் இப்படித்தான், ஒருதரம் இழுத்துவிட்டால் அப்புறம் நிற்காது என்று சொல்லி, கல்யாண நாள் குறிக்க அப்பா ஆளனுப்பினார். அம்மா சித்திக்குத் தலை பின்னிவிட்டாள். எங்களோடு உட்காரவைத்து மீன்குழம்பு ஊற்றி, நடுத்துண்டை அவள் தட்டில் வைத்தாள். முகத்தில் காற்றுப் படவிடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதாகச் சொல்லிவிட்டு, சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே சாப்பிட்டாள். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை. இப்படிப் பத்து நாள் போனது.

பதினோராம் நாள் மாப்பிள்ளையின் தாயார் உறவுக்காரர்களோடு நாள் பேச வந்து, சித்தியின் வாயில் சீனி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் கடைவாய் வழியே சேலையில் வடிந்தது. சிரிக்கச் சொன்னார். பாதி முகம் சிரித்தது. வெற்றிலைத் தட்டைத் தொடாமலே அவர்கள் எழுந்து போனார்கள்.

அம்மா என்னைத்தான் அடித்தாள். அசைந்தது என்று சொன்னவள் நான்தானே. சித்தி குறுக்கே வந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளைய ஏங்க்கா அடிக்கே? அசைஞ்சது நெசந்தான்."

அன்று மதியத்திலிருந்தே சித்தி பழையபடி கடைசியில் சாப்பிட்டாள். டாக்டரம்மா சொன்னது அவளுக்கும் விளங்கவில்லை போல என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அவளுக்கு அந்த மாடியறையிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் வீட்டில் தன் இடம் எது என்பதும் விளங்கியிருந்தது. அம்மா வைத்த அந்த நடுத்துண்டைப் பாசம் என்று நம்பியது வீட்டிலேயே நான் ஒருத்திதான்.