சந்தனப் பொட்டு வைத்த கணுக்கால் மோட்டார்

போன வியாழக்கிழமை நானும் என் மகள் நித்யாவும் லேக் மார்க்கெட்டிலிருந்து சால்ட் லேக்கில் இருக்கும் ஆராய்ச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். பன்னிரண்டு கிலோமீட்டர், டாக்ஸிக்கு முன்னூற்று இருபது ரூபாய், ஐம்பது நிமிஷம். பிள்ளைகளை மருத்துவ ஆராய்ச்சிக்குக் கூட்டிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முறுக்குக் கடைக்காரன், படிப்பு பத்தாவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நித்யாவுக்குப் பதின்மூன்று வயது. விபத்தில் நரம்பு அடிபட்டு, வலது பாதம் தொங்கிப்போய்த் தரையில் இழுபடும். அங்கே டாக்டர்களும் இன்ஜினீயர்களும் சேர்ந்து கணுக்காலில் கட்டுகிற ஒரு மோட்டார் பட்டை செய்திருக்கிறார்கள். குதிகாலடியில் இருக்கும் சென்சார் அவள் அடி வைப்பதை உணர்ந்ததும், மோட்டார் பாதத்தைத் தூக்கிவிடும். மூன்று மாதச் சோதனை; ஒழுங்காக முடித்தால் பட்டை அவளுக்கே. இரண்டாம் மாதமே கரியாஹாட் கடைத்தெருவுக்குத் தனியாகப் போய் ஷூ வாங்கி வந்தாள்.

"தாதா, பொண்ணு என்ன ஜோரா நடக்குது!" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் வங்காளி டாக்ஸிக்காரர். மோட்டாரை நானே செய்த மாதிரி சிரித்துக்கொண்டேன்.

பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். இன்ஜினீயர் பெண் சென்சார் மூடியைக் கழற்றினார். உள்ளே மஞ்சளாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது.

"காகு, இது என்ன?" என்று சித்தப்பா முறை வைத்துக் கேட்டார்.

"சந்தனம்மா. ஆயுத பூஜைக்குத் தராசு, கிரைண்டர் எல்லாத்துக்கும் வெச்சேன். இதுவும் மெஷின்தானே?"

வாராவாரம் போனில், "தண்ணீர் பட்டதா?" என்று கேட்பார்கள். இல்லவே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். சந்தனத்தை யாரும் கேட்கவில்லையே! மூன்று வாரமாக நித்யா, "அப்பா, லேட்டா தூக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "பழகிடும்டி" என்றேன். எனக்குத் தெரியாத மெஷினா!

"மெஷினைத் துடைச்சிடலாம். மூணு வாரமா தப்பாப் பதிவான அளவை என்ன செய்யறது?" என்றார் டாக்டர். அளவு கெட்டால் சோதனையிலிருந்து விலக்க வேண்டுமாம். பட்டை அடுத்த நோயாளிக்கு. இன்ஜினீயர் பெண் இரண்டு தடவை கெஞ்சிப் பார்த்தார், பலிக்கவில்லை. கடையில் இந்தப் பட்டை எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. நித்யாவே குனிந்து பட்டையை அவிழ்த்துக் கொடுத்தாள்.

திரும்பி வந்து மார்க்கெட் முனையில் இறங்கி நடந்தோம். சர்க், சர்க் என்று ஷூ தரையில் உரசியது. அவள் கேட்டது ஒன்றுதான்: "அடுத்த ஆளுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நல்லா துடைச்சிடுவாங்கல்லப்பா?"

போகிறவர்கள் ஒன்பதரைக்கே போய்விடுங்கள். பழைய ரிப்போர்ட் எல்லாம் வேண்டும். கேன்டீனில் லூச்சி, நம்ம பூரி மாதிரிதான், இருபத்தைந்து ரூபாய். எனக்கு அன்றைக்கு இறங்கவில்லை. மெஷின்மேல் எது பட்டாலும், சாமி சந்தனமே ஆனாலும், மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளை "சரியில்லை" என்று சொன்னால் சரியில்லைதான். நடப்பது அவள், நாம் இல்லை.