மெயில் பார்க்காதவன் மேல் சந்தேகம்

எங்கள் ஆலயத்தில் ஞாயிறுதோறும் ஒரு நீண்ட ஜெபம் உண்டு. போதகர் நாட்டுக்காக, நகரத்துக்காக, நோயாளிகளுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக என்று வேண்டிக்கொண்டே போவார். சபை முழுக்கக் கண்ணை மூடியிருக்கும். ஆபீஸ் மெயில் பார்க்க அதைவிடப் பாதுகாப்பான நேரம் தாம்பரம் வட்டாரத்திலேயே கிடையாது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பாதிப் பேர் பாட்டுப் புத்தகத்தையே போனில்தான் வைத்திருக்கிறார்கள். கையில் போன் இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நம்பியிருந்தேன்.

அன்று ஆராதனை முடிந்து ஸ்கூட்டரில் மாடம்பாக்கம் திரும்பும்போது பின்சீட்டிலிருந்து மனைவி ஆரம்பித்தாள்.

“நோயாளிங்களுக்கு ஜெபம் பண்ணும்போது உங்க கட்டைவிரல் ஏன் மேலயும் கீழயும் போச்சு?”

“அடுத்த பாட்டைத் தேடினேன்.”

“பாட்டைத் தேடறவரு மூஞ்சி அப்படியா வெளிறும்?”

“அதிருக்கட்டும். எல்லாரும் கண்ணை மூடியிருக்கணும். பெண்கள் பக்கத்துல இருந்து நீ எப்படிப் பார்த்த?”

“உங்களைக் கவனிக்கிறதும் எனக்கு ஜெபத்துல சேர்த்திதான். பேச்சை மாத்தாதீங்க. வீட்டுக்குப் போனதும் அந்த மெயிலை போன்ல இருந்து எடுக்கிறீங்க.”

என் மூஞ்சி வெளிறியதற்குக் காரணம் இருந்தது. மறைமலை நகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குத் திட்டமிடும் பிரிவில் வேலை. எந்தப் பாகம் எந்த நாளில் எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது. கம்பெனிக்கு ரோட்டின் இந்தப் பக்கம் ஒரு பிளான்ட், அந்தப் பக்கம் ஒரு பிளான்ட். இங்கே நான், அங்கே என் வயதில் இன்னொருவர். கொஞ்ச நாளாக ஒரு பேச்சு உலவிக்கொண்டிருந்தது: இரண்டு நாற்காலியை ஒன்றாக்கப் போகிறார்கள். ஒருவர் இருப்பார். இன்னொருவர் ஐம்பதை நெருங்கும் வயதில் பயோடேட்டா எழுதக் கற்றுக்கொள்வார்.

இதையெல்லாம் யாரும் நேரில் சொல்லமாட்டார்கள். மெயிலில்தான் தெரியும், அதுவும் நகல் யார் யாருக்குப் போகிறது என்று காட்டும் சிசி வரிசையில். எங்கள் ஆபீஸில் மெயிலின் விஷயத்தை அவசரமிருந்தால்தான் படிப்போம். முதலில் பார்ப்பது சிசியில் யார் பெயருக்குப் பின் யார் பெயர் என்பதை. ஜோசியர் கட்டத்தைப் பார்க்கிற மாதிரி. இரண்டு மாதமாக மேனேஜர் அனுப்பும் மெயிலில் என் பெயர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்று ஜெபத்தில் பார்த்த மெயிலில் அந்தப் பக்கத்துக்காரர் முதலில் இருந்தார். நான் கேன்டீன் கான்ட்ராக்டருக்கு அடுத்து இருந்தேன். நோயாளிகளோடு சேர்த்து எனக்காகவும் யாராவது வேண்டிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

ஆனாலும் மனைவி பேச்சை மீறவில்லை. போனிலிருந்து மெயிலை எடுத்தேன். போனில் எதையும் திரும்ப ஏற்றக் கேட்கும் பாஸ்வேர்டை மனைவியே புதிதாகப் போட்டு, சீட்டில் எழுதித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். இனி ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும், காலையில் ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை.

முதல் சில நாட்கள் பேஜார். விரலுக்கு வேலை வேண்டுமே? வானிலையைத் திறந்து இழுத்து இழுத்து விட்டேன். பீர்க்கன்கரணையில் தூறல் விழுந்தால் ஏரிக்கு முன்பே எனக்குத் தெரிந்தது. கேஸ் சிலிண்டர் எங்கே வருகிறது என்று பார்த்தேன். நாங்கள் சிலிண்டரே பதிவு செய்திருக்கவில்லை. பெருங்களத்தூரில் கம்பெனி பஸ் ஏறியதும் பக்கத்து சீட்காரர் போனைப் பார்த்துச் சிரித்தால், என்னைப் பற்றிய மெயில்தான் என்று உறுதியாகத் தோன்றும். ஒருநாள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தேன். குக்கர் கேஸ்கெட் வாங்கிக்கொண்டிருந்தார். கேஸ்கெட்டைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா? அந்த அளவுக்குச் சந்தேகப்பட்டேன்.

இரண்டாவது வாரம் வேறு விதமான சந்தேகம் கிளம்பியது. ஆனால் அது என்னுடையதல்ல.

ஸ்டோர்ஸ்காரர் டீ டம்ளரோடு என் மேஜைக்கு வந்து, நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

“சார், எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. ஒரகடமா, ஸ்ரீபெரும்புதூரா?”

“எது?”

“புதுக் கம்பெனி. காலைல அனுப்புன மெயிலுக்கு நீங்க மத்தியானம் பதில் போடுறீங்க. முன்னல்லாம் நான் அனுப்பி கையை எடுக்கிறதுக்குள்ள பதில் வரும். போன வியாழக்கிழமை முழுக்கைச் சட்டை வேற.”

“அது சாயந்தரம் ஒரு கல்யாண ரிசப்ஷன், சார்.”

“எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க” என்று கண்ணடித்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஆபீஸில் ஒருவன் மெதுவாகப் பதில் போட ஆரம்பித்தால் அவன் ராஜினாமா பேப்பர் போடப்போகிறான் என்று அர்த்தம். நானே எத்தனை பேரை அப்படிக் கண்டுபிடித்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். மறுநாள் பஸ் டிரைவரும் கண்ணாடி வழியாகக் கேட்டார்.

“இன்னா சார், வேற எடம் பார்த்துகினியாமே? உன் ஜன்னல் சீட்ட இப்பவே ரெண்டு பேரு கேக்குறாங்கோ.”

“யாரு அவங்க?”

“அத்த சொன்னா நல்லாவா இருக்கும்?”

வேலை போகுமோ என்று பயந்தவனை, வேலையை உதறப்போகிறவன் என்று ஊரே பேசிக்கொண்டது. ஒன்று மட்டும் நிச்சயம்: இது மேனேஜர் காதுக்குப் போயிருக்கும். போகிறவனை அனுப்புவது சுலபம். நானே என் கழுத்துக்கு அளவெடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அன்று பாத்ரூமில் நின்றுகொண்டு மெயிலைத் திரும்ப போனில் ஏற்றலாமா என்று யோசித்தேன். பாஸ்வேர்டு சீட்டு வீட்டில் மனைவியின் கைப்பையில் இருந்ததால் தப்பித்தேன்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். “உட்காருங்க” என்றார். அந்த அறையில் யாரையும் அவர் உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை. காபி வரவழைத்தார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்றார். முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். காபியை மட்டுமாவது குடித்துவிடலாம் என்று வேகமாகக் குடித்தேன், நாக்கு வெந்தது.

“இங்க உங்களுக்கு என்ன குறை?” என்றார் அவர்.

“குறையா? எனக்கா?”

“நான் மேல உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன். ரெண்டு பிளான்ட்டையும் நீங்க பார்த்துக்குவீங்கன்னு. இப்பப் போய் வெளிய பார்க்கிறீங்களே, நியாயமா?”

“சார், சத்தியமா எங்கயும் போகல. ஜெபத்துல மெயில் பார்த்தேன்னு வீட்ல போன்ல இருந்து எடுக்க வச்சுட்டாங்க. அதான் பதில் லேட்டு.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேஜையைத் தட்டிச் சிரித்தார். “பிரமாதம் சார். சொல்ல இஷ்டம் இல்லைன்னா விடுங்க. ஆனா முடிவெடுக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.”

சிசி வரிசையைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். “அதுவா? கம்ப்யூட்டர் எப்படிப் போடுதோ அப்படி. அதையெல்லாம் யார் சார் பார்க்கிறாங்க?” என்றார். நான் நம்பவில்லை.

அன்றிலிருந்து எனக்கு மெயிலை அவசரமாகப் பார்க்க வழியில்லை. வேகமாகப் பதில் போட்டால் நான் எங்கேயும் போகவில்லை என்பது தெரிந்துவிடும், பிறகு காபியும் கிடையாது, இரண்டு பிளான்ட்டும் கிடையாது. எந்தப் பயத்தில் நிமிஷத்துக்கு ஒருதரம் பார்த்தேனோ அதே பயத்தில் இப்போது பார்க்காமல் இருக்கிறேன். மனைவியோ தன் கண்டிப்புக்குக் கிடைத்த வெற்றி என்று தங்கை வீடு வரைக்கும் சொல்லிவிட்டாள்.

ஆனால் அந்தப் பக்கத்து பிளான்ட்காரரின் பதில்கள் மட்டும் உடனே உடனே வந்து விழுகின்றன. திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்திலும் அவர் அனுப்பியது இருக்கிறது. எதற்கும் தேவையில்லாத மெயில். நன்றி, குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான். அந்தக் கட்டைவிரல் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். ஒரு மத்தியானம் மனசு கேட்காமல் அவருக்கு போன் செய்தேன். பாதி மணியிலேயே எடுத்தார்.

“சொல்லுங்க சார். ஏதாவது மெயில் வந்திருக்கா? நான் எதையாவது விட்டுட்டேனா?”

“இல்ல சார். சும்மாதான் கூப்பிட்டேன். சாப்பிட்டாச்சா?”

அந்தப் பக்கம் மெயிலைத் திறந்து தேடும் கிளிக் சத்தம் கேட்டது.

“சும்மா எதுக்கு சார் கூப்பிடுவீங்க?” என்றார்.