நான் ஏறினால் எரிகிற பியூஸ்

எங்களுக்குக் கலியாணமாகி இரண்டாம் மாதம். கல்முனையில் உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் இருந்தோம், உம்மா பின்னறையில். என் மாப்பிள்ளை துணிக்கடை வைத்திருப்பவர், அதிகம் கதைக்கமாட்டார். கறியில் உப்புக் குறைந்தாலும் வாய் திறக்கமாட்டார். அப்படிப்பட்டவருக்குத் தன் பழைய காரை உறுமவைக்க ஆசை இருந்தது என்பது ஒரு பார்சல் வந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கட்டாரில் வேலை செய்யும் அவருடைய தம்பி அனுப்பியது. உள்ளே மின்சாரத்தில் வேலை செய்யும் ஒரு கட்அவுட். புகைக்குழாயில் சைலன்சருக்கு முன்னால் பூட்டுகிற சின்னக் கதவு அது. சுவிட்சை அழுத்தினால் மோட்டர் கதவைத் திறக்கும். எஞ்சின் சத்தம் சைலன்சருக்குள் போகாமல் நேரே வெளியே வரும். கராஜில் குழாயை வெட்டிப் பூட்டிக் கொடுத்தார்கள். வயரை மட்டும் இவரே இழுத்தார். தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"ஏறுங்க, கேட்டுப் பாருங்க."

ஏறினேன். அழுத்தினார். ஒன்றுமில்லை. பியூஸ் எரிந்திருந்தது. புதியது போட்டார், அதுவும் போயிற்று. அடுத்த நாள் இன்னொன்று போட்டு அவர் தனியாக வந்தபோது பக்கத்துத் தெருவிலேயே கார் கர்ஜித்தது. என்னை ஏற்றியதும் மறுபடி ஊமை.

"நீங்க ஏறினாத்தான் எரியுது," என்றார், மிகவும் மரியாதையாக.

"நான் என்ன மச்சான் செஞ்ச?"

உம்மா வாசலுக்கு வந்தார். "இது கண்ணூறுதான். மருமகன், தண்ணி ஓதித் தெளிப்பமா?"

"வேணாம் மாமி, கரண்ட் வயர் கிடக்கு."

அவர் கையில் எரிந்ததைவிடப் பெரிய பியூஸ் ஒன்று இருந்தது. நான் எட்டிப் பறித்தேன். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். அதுவரை அவர் முன்னால் டீச்சர் குரலை எடுத்ததில்லை. "பெரிசு போட்டா பியூஸ் எரியாது, வயர்தான் எரியும். கார் பத்திக்கும். எங்கயோ வயர்ட தோல் உரிஞ்சி இரும்புல முட்டுது. அதத் தேடுவம்."

ஒரு கணம் பார்த்தார். "ஓம் டீச்சர்," என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கடியில் பாய் விரித்துப் படுத்தார். மோட்டரின் வயரைக் கழற்றிவிட்டார். நான் ஏறி உட்கார்ந்து அழுத்தினேன். பியூஸ் எரிந்தது.

"மோட்டர்ல குத்தமில்ல!" என்று கத்தினேன். மோட்டரே இணைப்பில் இல்லாமல் எரிகிறது என்றால், கோளாறு இடையிலுள்ள வயரில்தான். நான் இறங்கி நின்று கையை நீட்டி அழுத்தினேன், எரியவில்லை. உம்மாவை ஏற்றினோம், எரியவில்லை. உம்மா நாடியை உயர்த்திக்கொண்டு, வென்றவர் மாதிரி இறங்கினார். உம்மா ஈர்க்குச்சி மாதிரி. நான் அப்படியில்லை.

இவர் குசினிக்குப் போய் அரிசி மூடையைத் தூக்கி வந்தார். என் சீட்டில் வைத்தார். பெல்ட்டும் போட்டுவிட்டார். அழுத்தினார். எரிந்தது.

மூடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதடு துடித்தது.

"சொல்லுங்க," என்றேன்.

"ஒண்டுமில்ல. நீங்களும் அரிசி மூடையும் ஒரே கட்சி."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், வயிறு நோகுமட்டும். அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிசனுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. "ரெண்டு பேருக்கும் ஓதணும்," என்றார் உம்மா.

சீட்டைக் கழற்றினோம். அதன் அடியில் ஒரு கம்பிச்சுருள் உடைந்து முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, கார்ப்பெட்டுக்கடியில், அவர் இழுத்த வயர். பாரம் ஏறினால் முனை இறங்கிக் கடிக்கும். தோல் உரிந்து செம்பு பளபளத்தது. "இந்தா இரிக்கி!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

உரிந்த துண்டை வெட்டி, புது வயர் சேர்த்து, டேப் சுற்றி, பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுக் கார்க் கதவோரமாகக் கொண்டுபோனோம். கம்பி முனையை அவர் குறட்டால் வளைத்துவிட்டார். பழைய அளவிலேயே பியூஸ் போட்டு, மோட்டரையும் பூட்டி, நான் ஏறி உட்கார்ந்தேன். வேண்டுமென்றே ஒருமுறை குதித்தும் பார்த்தேன். அவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். அழுத்தினேன்.

வீடே அதிர்ந்தது. தென்னையிலிருந்த காகமெல்லாம் கிளம்பின. "அல்லாஹ்வே!" என்று உம்மா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

பிறகு ஒரு சுற்றுக் கிளம்பினோம். ஊருக்குள் கட்அவுட்டை மூடியே ஓட்டினோம். நற்பிட்டிமுனை வயல் ரோட்டுக்கு வந்ததும் திறந்தார். வெட்டி முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் பறந்தன. என் முந்தானை காற்றில் அடித்தது. அவர் என்னவோ சொன்னார்.

"என்ன?"

மறுபடி சொன்னார். வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

"கேக்கல்ல மச்சான்!"

சுவிட்சை அழுத்தி மூடினார். திடீரென்று வயல்வெளி முழுவதும் அமைதியாகிவிட்டது.

"பசிக்குதா எண்டு கேட்டன்," என்றார்.