அத்தையின் முதல் ஓட்டுக்காகக் கிள்ளான் வரை

சிலாங்கூர் மாநிலத் தேர்தல் நாளன்று, அத்தையைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ஓட்டுப் போட அழைத்துப் போனேன். முப்பத்திரண்டு கிலோமீட்டர்தான், இதற்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். அத்தைக்கு அறுபத்தொரு வயது. அதுதான் அவருடைய முதல் ஓட்டு.

அவர் கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பை யாரும் பதிவு செய்யவில்லை. அதனால் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை; ஓட்டுரிமை கிடையாது. பல வருடம் மனுப் போட்டு, போன வருடம்தான் குடிமக்களுக்குரிய நீல அட்டை வந்தது. அதற்குப் பிறகு என்னோடு வந்துவிட்டார். ஆனால் அட்டையில் இருப்பது கிள்ளான் முகவரி, ஓட்டும் அங்கேதான்.

நான் சரித்திர ஆசிரியை. அன்று மதியம் வரை டியூஷன் வகுப்பு இருந்ததால் கிளம்பத் தாமதமாகிவிட்டது. கேஎல் சென்ட்ரலில் 2.50 கொமுட்டர் ரயில். எனக்கு 4 ரிங்கிட் 60 சென், அத்தைக்கு மூத்தோர் கட்டணம், பாதி. கிள்ளான் போய்ச் சேர மணி நான்கு. அங்கிருந்து ஓட்டுச்சாவடியான பள்ளிக்கூடத்துக்கு டாக்சி, பத்து நிமிடம்.

வரிசையில் அரை மணி நேரம் நின்ற பிறகு பட்டியலைப் பார்த்த பெண் சொன்னார்: "ஆன்டி, உங்க பேரு இங்க இல்லையே."

தப்பு என்னுடையது. அத்தையின் பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் அங்கே போடுவதால் அத்தைக்கும் அதே பள்ளி என்று நினைத்துவிட்டேன். கைப்பேசியில் தேடினால் வேறு பள்ளி, ஆறு கிலோமீட்டர் தள்ளி. மணி 4.55. ஆறுக்கு மூடிவிடுவார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. செயலியில் ஒரு கார்கூட அகப்படவில்லை.

"விடும்மா, அடுத்த தடவ போட்டுக்கலாம்," என்றார் அத்தை. திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலோடு ஒருவர் சின்ன லோரியில் ஏறிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த ரோடு ஜேம் லா," என்றார். பிறகு அத்தையைப் பார்த்தார். "மொத ஓட்டா? ஏறுங்க, ட்ரை பண்ணுவோம்."

முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தோம். பாதி வழியில் அவர் கேட்டார்: "எந்தக் கட்சிக்கு ஆன்டி?"

"ஒங்ககிட்ட எதுக்குத் தம்பி சொல்லணும்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அமெரிக்கக் குடியரசின் ஆரம்ப காலத்தில் சில மாநிலங்களில் ஆளுநர் தேர்தலென்றால், ஊரார் முன்னால் வேட்பாளர் பெயரை உரக்கச் சொல்லித்தான் ஓட்டளிக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் கடன் கொடுத்தவரும் இருப்பார். வகுப்பில் அதைச் சொல்லும்போது பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அத்தையாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்.

5.35க்குப் பள்ளி வாசல். லோரிக்காரர் காசு வாங்கவில்லை, அவசரமாகக் கிளம்பிவிட்டார். பெயரைக்கூடக் கேட்க மறந்துவிட்டேன். அத்தை தனியாக உள்ளே போனார். 5.52க்கு, மை அழியாமல் இருக்க இடது கையைத் தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தார்.

நீங்களும் இப்படி யாரையாவது அழைத்துப் போவதானால், முதல் நாளே மையத்தையும் வரிசை எண்ணையும் சரிபார்த்துவிடுங்கள். என்னைப் போல ஊகத்தை நம்பாதீர்கள். காலையிலேயே போய்விடுங்கள், கிள்ளானில் மாலை மழையும் நெரிசலும் சேர்ந்தே வரும். உள்ளே கைப்பேசிக்கு அனுமதியில்லை, அடையாள அட்டை மட்டும் போதும்.

திரும்பும் ரயில் சுபாங் ஜெயாவைத் தாண்டியது. உள்ளே என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அட்டைய வாங்கி, எம் பேரச் சத்தமா வாசிச்சாங்க. எல்லாக் கட்சி ஆளும் அங்கதான் ஒக்காந்திருந்தாங்க," என்றார். "ஒருத்தரும் நீ யாருன்னு கேக்கல."