தெருவைப் பார்த்த திரைகள்

பீர் முஹம்மது 1999-இல் லஸ் பக்கம் பிரவுசிங் சென்டர் திறந்தபோது, மயிலாப்பூரின் ஒழுக்கம் முழுவதும் தன் தலையில் இறங்கிவிட்டதாக நம்பினார். அதனால் கம்ப்யூட்டர் திரைகளையெல்லாம் தெருவைப் பார்த்துத் திருப்பிவைத்தார். போகிற வருகிற பெற்றோர் பார்த்து நிம்மதி அடையலாம். போதாக்குறைக்கு, நாற்காலிகளுக்குப் பின்னால் உலாத்தியபடி எல்லோரும் எழுதுவதையும் அவரே படித்தார். சேவைதானே.

பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த ஹம்சினி அன்று மாலை வந்து உட்கார்ந்தாள். அவள் திறந்தது, பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்க ஏதோ தொண்டு நிறுவனம் நடத்திய அரட்டைப் பக்கம். பீர் வழக்கம்போல் எட்டிப் பார்த்தார்.

'தூக்கமே வரல. ரிசல்ட் வரதுக்குள்ள வீட்டை விட்டு எங்கயாவது போயிடலாம்னு இருக்கு.'

'இப்போ பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?' என்று எதிர்ப்பக்கம் கேட்டது.

'கடைக்காரர். எட்டிப் பாத்துண்டிருக்கார்.'

பீர் தீயை மிதித்தவர்போல் பின்வாங்கினார். அந்த நேரம் பார்த்து இணைப்பு அறுந்தது. கடைக்கும் மாடி வீட்டுக்கும் ஒரே டெலிபோன் லைன்; மேலே போனை எடுத்தால் கீழே இன்டர்நெட் போய்விடும். ஹம்சினியின் முகம் வெளுத்தது. பீர் படியேறி மனைவியிடம் ஓடினார்.

"ஜைதூன்! போனை வை!"

"அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாதா? இன்னா, கடை பத்திக்கிச்சா?"

"அதைவிட மோசம். வைம்மா!"

கீழே மோடம் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. என்கேஜ்டு. மறுபடி என்கேஜ்டு. ஒருவழியாக லைன் கிடைத்தபோது, எதிர்ச்சாரியில் ஸ்கூட்டரை நிறுத்தினார் சந்திரமௌலி. ஹம்சினியின் அப்பா. தெருவைப் பார்த்த திரைகளுக்காகவே இந்தக் கடையைத் தேர்ந்தெடுத்த மனிதர்.

பீர் இறங்கிவந்து ஷட்டரைப் பாதிக்குமேல் இழுத்துவிட்டு வாசலில் நின்றார்.

"அமெரிக்காலேர்ந்து என் பையன் மெயில் போட்டிருக்கானா, பாய்?"

"கரண்ட் இல்ல சார்."

"உள்ள ஃபேன் சத்தம் கேக்கறதே!"

"அது பழைய வேகம் சார். இன்னும் நிக்கல."

சந்திரமௌலி முணுமுணுத்துக்கொண்டே ஸ்கூட்டரை உதைத்தார்.

"இப்ப பேசலாமா?" என்று மாடியிலிருந்து ஜைதூன் கத்தினாள்.

"தொடாதே!"

பீர் மாடிப்படியில், கடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை, எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கத் துடித்த கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உள்ளே விசைப்பலகைச் சத்தம் நின்றது. அவர் மூச்சும் நின்றது.

பிறகு, டக். டக்டக்.